செல்லுபடியாகாத பெயர்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நான் கணினிச் செய்நிரலாக்கத்தைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். கலைப்பீட மாணவர் பலரைப் போலவே நானும் அத்துறையை விரும்பி நாடியவளல்லள். இரண்டாம் ஆண்டிலே தெரிவுப் பாடமொன்றை எடுக்கவேண்டியிருந்தது. நேரசூசியில் எஞ்சியிருந்த இடத்தில் அதுவே பொருந்திற்று. ஆயினும் அவ்வகுப்பிலே செய்த மிகச் சிறிய பயிற்சியொன்று, மூன்றாண்டுகளாக இலக்கண நூல்களிற் படித்தும் உணராத ஒன்றை எனக்கு உணர்த்திற்று. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிற்சி மிக எளியது. பயன்படுத்துபவரின் பெயரைக் கேட்க வேண்டும். வயதைக் கேட்க வேண்டும். அவர் நூறு வயதை எய்தும் ஆண்டு எதுவெனக் கணித்துக் கூறவேண்டும். பைதன் மொழியிலே இதனை ஐந்தாறு வரிகளுக்குள் எழுதிவிடலாம். எழுதினோம். ஓடவிட்டோம். விடையும் வந்தது. முதன்முதலாக இயந்திரமொன்று நம் சொற்படி நடந்ததைக் கண்ட மகிழ்ச்சி வகுப்பெங்கும் பரவியிருந்த வேளையில், விரிவுரையாளர் என் அருகில் வந்தமர்ந்து, வயதைக் கேட்ட இடத்தில் ‘வாழைப்பழம்’ என்று தட்டச்சுச் செய்தார். செய்நிரல் சிவப்பு நிற வரிகள் சிலவற்றைக் கக்கிவிட்டு நின்றுபோயிற்று.

“வயதைக் கேட்டால் எவராவது வாழைப்பழம் என்று எழுதுவார்களா, சேர்?” என்று கேட்டேன்.

“இருபத்திரண்டு என்று எழுத்தில் எழுதுவார்களல்லவா? இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்” என்றார் அவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. விசைப்பலகை வழியாக உட்செல்லும் எதுவும் இயந்திரத்துக்கு முதலில் வெறும் எழுத்துத் தொடரே. அதனை எண்ணாக மாற்றுமாறு நாம் கட்டளையிடுகிறோம். மாற்ற இயலாத ஒன்று வந்து சேர்ந்தால் வழு ஏற்படுகிறது. எனவே, ‘மாற்ற முயல்க, வழு நேரின் நின்றுவிடாது மீண்டும் கேட்க’ என்று அமைத்தல் வேண்டும். இதற்கென்றே பைதனில் முயற்சியையும் விதிவிலக்கையும் குறிக்கும் இரு சொற்கள் உள. அவற்றை மீளச்செய்யும் கட்டமைப்பொன்றினுள் வைத்துவிட்டால், தக்க விடை கிடைக்கும்வரை செய்நிரல் சலியாது கேட்டுக்கொண்டேயிருக்கும். எண்ணாக அமைந்தாலும் போதாது: வயது -5 ஆகவோ 900 ஆகவோ இருத்தல் இயலாது, ஆகவே வீச்சினையும் சோதித்தல் வேண்டும். ஒன்றும் தட்டச்சுச் செய்யாது விசையை அழுத்துவோரும் உளர். ஆகவே இருப்பினைச் சோதித்தல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றுக்கு நீளமும் வடிவமும் சோதிக்கப்படல் வேண்டும். இவை யாவற்றையும் சேர்த்துத் தரவு செல்லுபடியாக்கல் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. ஐந்து வரிச் செய்நிரல் முப்பது வரியாயிற்று. கணிப்பு ஒரே வரி. எஞ்சியவை யாவும் காவல்.

இக்காவல் ஏன் வேண்டும் என்பதற்குப் பழைய கதையொன்றுண்டு. கணிக்கும் பொறியினை வடிவமைத்த ஆங்கிலேயரான சார்ள்ஸ் பாபேஜ் 1864 இல் வெளியிட்ட தம் வாழ்க்கை நினைவுகளில், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் இருவர் வெவ்வேறு வேளைகளில் தம்மிடம் ஒரே வினாவை எழுப்பியதைக் குறித்துள்ளார். ஒருவர் மேலவையைச் சேர்ந்தவர், மற்றவர் கீழவையைச் சேர்ந்தவர். பொறியினுள் பிழையான எண்களை இட்டாலும் சரியான விடை வெளிவருமா என்பதே அவ்வினா. இத்தகைய வினாவைத் தோற்றுவிக்கும் மனக்குழப்பம் எத்தகையதெனத் தம்மால் விளங்கிக்கொள்ள இயலவில்லை என்கிறார் பாபேஜ். எங்கள் வகுப்பு அவரது பக்கமே நின்றது. பிழை புகுந்தால் பிழையே வெளிவரும். ஆகவே பிழையை வாயிலிலேயே மறித்துவிடு. இதனை நான் நன்கு கற்றுக்கொண்டேன். அளவுக்கு மீறியே கற்றுக்கொண்டேன் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பெயருக்கும் காவல் வைத்தேன். பெயரில் எண்களோ குறியீடுகளோ வருதல் தகாதல்லவா? பைதனில் ‘இஸ்அல்பா’ என்றொரு கட்டளை உண்டு. தரப்பட்ட தொடரிலுள்ளவை யாவும் எழுத்துக்கள்தாமா என்று அது சோதித்து, ஆம் அல்லது அன்று என விடையிறுக்கும். அன்று என்ற விடை வருமாயின், ‘பிழையான பெயர். பெயரில் எழுத்துக்கள் மட்டுமே இடம்பெறல் வேண்டும்’ என்ற வாசகத்தைத் திரையில் காட்டுமாறு அமைத்தேன். என் பெயரை ஆங்கில எழுத்துக்களில் இட்டுப் பார்த்தேன், ஏற்றுக்கொண்டது. எண்ணொன்றைச் சேர்த்து இட்டேன், மறுத்துவிட்டது. மனநிறைவோடு விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றேன்.

வீட்டிலே அம்மம்மா இருந்தார். பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று அவர் கேட்கும்போதெல்லாம் விளக்கஞ்சொல்லத் திணறிய எனக்கு, காட்டுவதற்கு இப்போது ஒன்று இருந்தது. மடிக்கணினியைத் திறந்து அவரை அருகில் இருத்தினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே அவரது பெயரைத் தமிழிலே தட்டச்சுச் செய்து, விசையை அவரையே அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். நான் எழுதிவைத்த வாசகம் திரையிலே தோன்றிற்று. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதனை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“என்ன பிள்ளை, என்ர பேர் பிழையாமோ? அதிலை எழுத்து இல்லையாமோ?”

நான் தட்டச்சிலே தவறியிருக்கலாமென எண்ணி மீண்டும் இட்டேன். மீண்டும் அதே வாசகம். அம்மாவின் பெயரை இட்டேன், அதுவும் பிழை. என் பெயரையே தமிழில் இட்டேன். அதுவும் பிழையான பெயரே. அம்மம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு காரணத்தைத் தேடியறிந்தேன். உலக மொழிகளின் வரிவடிவங்களையெல்லாம் ஒரே அட்டவணையில் இடம்பெறச் செய்யும் ஒருங்குறி முறையிலே, 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கும் இடமுண்டு. ஆனால் நமது நெடுங்கணக்கின் 247 எழுத்துக்களும் அங்கே தனித்தனி இடம்பெறவில்லை. உயிரெழுத்துக்களும் அகரமேறிய மெய்களும் தனியிடம் பெற்றன. கால், விசிறி, கொம்பு முதலியனவும் புள்ளியும் தனியிடம் பெற்றன. ‘அம்மா’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. இயந்திரத்துக்கோ அது அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து உறுப்பு. இவ்வளவில் குறையில்லை. ஒருங்குறி தன் உறுப்புக்களை வகைப்படுத்தும்போது அகரத்தையும் மகரத்தையும் ‘எழுத்து’ என்ற வகையிலும், காலையும் புள்ளியையும் ‘குறி’ என்ற வகையிலும் சேர்த்தது. பைதனின் மேற்படி கட்டளை ‘எழுத்து’ வகையை மட்டுமே எழுத்தென ஏற்கும். ஆகவே ஐந்தில் இரண்டு எழுத்தல்ல. ஆகவே ‘அம்மா’ எழுத்துக்களாலான சொல்லன்று! ‘பல’ என்ற சொல் அச்சோதனையில் தேறும். ‘பல்’ தேறாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெற்று நிற்றலே தன்மையென வகுத்த தொல்காப்பியர் இதனைக் கேட்டிருப்பின் என்ன கூறியிருப்பாரோ அறியேன். இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. அடுத்த அறையிலுள்ள சிங்களத் தோழி தன் பெயரைச் சிங்களத்தில் இட்டபோதும் அதே விடையே கிடைத்தது; அம்மொழியின் உயிர்க்குறிகளும் அவ்வாறே ‘குறி’ வகையைச் சார்ந்தவை.

வியப்புக்குரிய மற்றொன்றும் உண்டு. வயதைக் கேட்ட இடத்தில் விளையாட்டாக ௨௨ எனப் பழந்தமிழ் எண்ணுருக்களை இட்டேன். செய்நிரல் எவ்விதத் தயக்கமுமின்றி அதனை 22 என ஏற்றுக் கணித்தது! நாமே பெரும்பாலும் வழக்கொழித்துவிட்ட தமிழ் இலக்கங்களை இயந்திரம் அறிந்திருக்கிறது. நாள்தோறும் எழுதும் நம் பெயர்களையோ எழுத்தென ஏற்க மறுக்கிறது. பத்தைக் குறிக்கும் ௰ என்னும் உருவைச் சேர்த்துப் பழைய முறைப்படி ௨௰௨ என இட்டால் மறுத்துவிடும். பூச்சியத்தை இடத்துக்கேற்ப வைத்தெழுதும் முறைக்கு அவ்வுரு உட்படாமையே காரணம். இதில் யாருடைய வஞ்சகமும் இல்லை. கட்டளையின் பொருள் இன்னதென அம்மொழியின் கையேட்டிலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. ‘எழுத்தா?’ என்று நான் கேட்டேன். இயந்திரம் தன் வரைவிலக்கணப்படி நேர்மையாக விடையளித்தது. ‘பிழையான பெயர்’ என்ற வாசகத்தை எழுதியவள் நானே.

மறுநாள் அம்மம்மாவுக்கு ஈடுசெய்யவேண்டுமென்ற எண்ணத்தோடு, வகுப்பிலே செய்த இரண்டாவது பயிற்சியை எடுத்தேன். அது தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சோதிப்பது. பழைய இலக்கம் ஒன்பது எண்களையும் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்னும் ஆங்கில எழுத்தொன்றையும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்களைக் கொண்டது. பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளிற் பிறந்தவர் என்பதைக் குறிக்கும். பெண்களாயின் அந்நாட்தொகையுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எனவே அம்மூன்று எண்களும் 001 முதல் 366 வரையோ 501 முதல் 866 வரையோ அமைதல் வேண்டும். அமையாவிடின் இலக்கம் செல்லுபடியாகாது. அழகான பயிற்சி. இலக்கத்தைத் தந்தால் பிறந்தநாளைச் சொல்லிவிடும். கேட்போர் வியப்பர்.

அம்மம்மா அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்துவந்து தந்தார். 48 என்று தொடங்கிற்று. அடுத்த மூன்றெண்கள் 501. செய்நிரல் மறுப்பேதும் கூறவில்லை. ‘இலக்கம் செல்லுபடியானது. பிறந்த திகதி: 1948 ஜனவரி 1’ என்று காட்டிற்று. நான் பெருமிதத்தோடு அதனை உரக்க வாசித்தேன்.

“அது பொய்” என்றார் அம்மம்மா.

பின்னர் ஆறுதலாகச் சொன்னார். “நான் ஐப்பசி அடைமழைக்குள்ள வீட்டிலை பிறந்தனான். ரோகிணி நட்சத்திரம். சுதந்திரம் கிடைச்ச வருசம் எண்டு அம்மா சொல்லுவா. ஆர் அப்ப பதிஞ்சது? பிறகு அட்டை எடுக்கப் போகேக்கை கந்தோரிலை திகதி கேட்டவை. ஐப்பசி ரோகிணி எண்டன். அது சரிவராது, திகதியைச் சொல்லும் எண்டினம். எனக்குத் தெரியாது எண்டன். ஒண்டாம் மாசம் ஒண்டாந் திகதி எண்டு போட்டுவிட்டினம்.”

அவரது குரலில் குறைகூறும் தொனி இருக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாக அத்திகதியையே எல்லாப் படிவங்களிலும் எழுதிப் பழகிவிட்டார். ஆனால் அதனை ஒருபோதும் தமது பிறந்தநாளாகக் கொண்டதில்லை. ஐப்பசி ரோகிணியிலே கோயிலில் அருச்சனை செய்விப்பார்; அந்நாளுக்கும் அட்டைக்கும் உள்ள தொடர்பின்மையை நான் அதுவரை கவனித்ததேயில்லை.

இரண்டு நாட்களில் என் செய்நிரல்கள் அவரைப் பற்றி இரு தீர்ப்புக்கள் வழங்கியிருந்தன. அவரது உண்மையான பெயரைப் பிழை என்றன. அவரது பொய்யான பிறந்தநாளைச் செல்லுபடியானது என்றன. இரண்டும் நான் எழுதிய விதிகளின்படி மிகச் சரியான தீர்ப்புக்கள்!

செல்லுபடியாதல் வேறு, உண்மையாதல் வேறு என்பதைப் பாடநூல்களும் கூறவே செய்கின்றன. பரீட்சைக்காக அந்த வேறுபாட்டை மனனஞ்செய்து எழுதிப் புள்ளியும் பெற்றேன். வடிவம் பொருந்துகிறதா என்பதை மட்டுமே இயந்திரம் அறியும்; பொருள் மெய்யா என்பதை அது அறியாது. வயது 22 எனத் தந்தவர் உண்மையில் 32 வயதினராயிருப்பின் எந்த வீச்சுச் சோதனையும் அவரைப் பிடிக்காது. இதுவரை பாடநூல் கூறும். ஆனால் வடிவத்தையே வற்புறுத்திக் கேட்பதனால் பொய் பிறக்கும் என்பதை அது கூறவில்லை. அம்மம்மா பொய்யுரைத்தவரல்லர். திகதி என்ற கட்டம் வெறுமையாயிருத்தல் தகாது என்ற விதி ஒன்று இருந்தது. கட்டத்தை நிரப்பினாலன்றி அட்டை கிடையாது. ஆகவே அது நிரப்பப்பட்டது.

இன்னும் ஒன்று. அவர் தந்த விடை போதாத விடையுமன்று. சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவர இருபத்தேழு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகும். ஐப்பசி மாதம் ஏறத்தாழ முப்பது நாட்களைக் கொண்டது. எனவே ஓராண்டின் ஐப்பசியில் ரோகிணி ஒரு தடவை வரும். மிஞ்சினால் இரு தடவை வரும். அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டியிருப்பின் அம்மம்மாவின் பிறந்தநாள் ஓரிரு நாட்களுக்குள் அகப்பட்டிருக்கும். ஜனவரி முதலாந் திகதியோ பத்து மாதங்கள் விலகிய பொய். சரியான தரவே தரப்பட்டது. கேட்டவரின் படிவத்துக்கு அதனை வாசிக்கத் தெரியவில்லை.

இவ்விடத்திலேதான் இலக்கணம் என் நினைவுக்கு வந்தது. பவணந்தியார் நன்னூலிலே திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் வழு நேரக்கூடுமென வகுத்துள்ளார். கணினித் துறையிலும் பிழையை வழுவென்றே அழைக்கிறோம். செய்நிரலாக்கப் பயிற்சிகளில் நாம் காவல் வைப்பதெல்லாம் விடை வழுவுக்கு. வயதைக் கேட்டால் வாழைப்பழம் என்பது விடை வழு. ஆனால் பவணந்தியார் விடைக்கு முன்னே வினாவையும் வைத்தார். ஒற்றை விரலைக் காட்டி, இது சிறிதோ பெரிதோ என்று கேட்பது வினா வழுவென எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒப்புநோக்க மற்றொரு விரலில்லாதபோது அவ்வினாவுக்கு விடையேது? பிறப்புப் பதியப்படாத பெண்ணிடம், இன்ன வடிவிலன்றி வேறெவ்வடிவிலும் திகதியைக் கூறாதே என்று வற்புறுத்துவதும், தமிழ்ப் பெயரை அந்நிய வரைவிலக்கணமொன்றால் அளந்து எழுத்தில்லை என்பதும் வினா வழுக்களே. வினவுபவர் கையில் அதிகாரம் இருக்கும்போது, அவ்வழு விடையிறுப்பவரின் வழுவாகப் பதிவாகிவிடுகிறது. திரையிலே தோன்றும் வாசகம் எப்பொழுதும் ‘உமது உள்ளீடு பிழை’ என்பதுதான். ‘எமது வினா பிழை’ என்ற வாசகத்தை எழுதிய செய்நிரலை நான் கண்டதில்லை.

இலக்கணகாரர் மற்றொன்றும் அறிந்திருந்தனர். வழுவென ஒதுக்குவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. காரணம் உண்டாயின் அமைத்துக்கொள்க என வழுவமைதியும் கூறினர். பசுவை அன்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது வழுவாயினும் அமையும். வாயிலிலே வந்து நிற்கும் அந்நியச் சொல்லையும் அவர்கள் துரத்திவிடவில்லை. ரகரமும் லகரமும் தமிழில் மொழிக்கு முதலாகா. ஆயினும் வடசொற்கள் வந்தபோது முன்னே ஒரு குற்றுயிரைத் துணைநிறுத்தி இராமன், இலாபம், உரோமம் என உள்ளே அழைத்துக்கொண்டனர். விதியை அவர்கள் கைவிடவில்லை, வந்தவரையும் திருப்பியனுப்பவில்லை. நல்ல செல்லுபடியாக்கலின் இலக்கணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

காவலே வேண்டாமென்று நான் கூறவில்லை. பாபேஜின் பொறி குறித்த நியாயம் இன்றும் நியாயமே. -5 வயதை ஏற்கும் செய்நிரல் எவருக்கும் பயன்படாது. மருந்தின் அளவையோ வங்கிக் கணக்கின் தொகையையோ எழுதும் இடத்தில் காவல் இன்னும் கடுமையாகவே இருத்தல் வேண்டும். ஆனால் ஒவ்வொரு விதியையும் எழுதும்போது, இது எதனைக் காக்கிறது என்று கேட்டல் வேண்டும். வயது எண்ணாக இல்லாவிடின் கணிப்பு நடவாது. அங்கே விதி வேண்டும். பெயரோ கணிப்புக்கு உதவுவதன்று. வணக்கம் கூறுவதற்கு மட்டுமே கேட்கப்படுகிறது. அங்கே நான் வைத்த காவல் எதனையும் காக்கவில்லை. நம் பெயர்களின் முன்னெழுத்தையடுத்து வரும் புள்ளியையும் இடைவெளியையுங்கூட அது மறுத்திருக்கும்.

விடுமுறை முடியுமுன் செய்நிரலைத் திருத்தினேன். பெயரின் இருபுறமும் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு, எஞ்சியது முற்றிலும் வெறுமையாயின் மட்டும் மீண்டும் கேட்குமாறு செய்தேன். ‘பிழையான’ என்ற சொல்லை எல்லா வாசகங்களிலிருந்தும் அகற்றினேன். ‘வயதை எண்ணில் தருக, எடுத்துக்காட்டாக 22’ என்று, வேண்டுவது இன்னதெனச் சொல்லுமாறு மாற்றினேன். முப்பது வரி இருபத்து நான்காகக் குறைந்தது. அம்மம்மாவை மீண்டும் அழைத்து அவரது பெயரை இட்டேன். வணக்கங்கூறி, 2048 ஆம் ஆண்டில் அவருக்கு நூறு வயதாகும் என்றது. “அதுவரைக்கும் ஆர் இருக்கிறது?” என்று அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அடையாள அட்டைப் பயிற்சியையும் அன்று திறந்துபார்த்தேன். அதிலே திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. நீளம் சரி, வடிவம் சரி, 501 உரிய வீச்சினுள்ளேயே இருக்கிறது. மூடிவைத்துவிட்டேன். வருகின்ற ஐப்பசியில் ரோகிணி எந்நாளில் வருகின்றதெனப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்நாளை மட்டும் என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.